எழும்பூர் மியூசியம்: போகும் முன்பும் போய் வந்த பிறகும் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போகிற வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. சொந்தக்காரர்கள், நண்பர்களின் பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் என்று பல வருடங்களாகப் போய் வருகிறேன். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதிவைக்கிறேன்.

எழும்பூர் மியூசியம்னா ரயில் பெட்டியெல்லாம் நிக்குமே, அதுவா?

இல்லை, ரயில் மியூசியம் ஐ.சி.எஃப். பக்கம் இருக்கிறது. இது பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்கு அடுத்து நாட்டிலேயே பழையது என்று சொல்வார்கள். முதலில் கல்லூரிச் சாலையில் இருந்தது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் கல், கனிமத் துண்டுகள்தான் ஆரம்ப முதல். 1854இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அந்த இடம் அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் வைத்துக்கொண்ட 'பாந்தியன்' மாளிகை, சாலைக்கும் அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

என்னைக்கு லீவு?

வெள்ளிக்கிழமை. இதை ரெண்டு தடவை சொல்கிறேன், ஏனென்றால் மியூசியம் என்றாலே திங்கள்தான் லீவு என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பி வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். குடியரசு தினம் மாதிரியான தேசிய விடுமுறைகளிலும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை. காணும் பொங்கல் சமயத்தில் கூட்டம் அலைமோதும், நிதானமாகப் பார்க்க நினைத்தால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எப்படிப் போறது, டிக்கெட் எவ்வளவு?

எழும்பூர் ரயில் நிலையமோ மெட்ரோவோ, இறங்கி வெயில் இல்லாத நேரமாக இருந்தால் நடந்தே போகலாம். ஆட்டோக்காரரிடம் 'மியூசியம்' என்றால் போதும்.

உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் ஒரு டீ, வடைக் காசுக்குள் முடிந்துவிடும், பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பல மடங்கு, அதனால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற அத்தை, சித்தப்பா கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு. டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கேட்பார்கள்.

ஒரு மணி நேரத்துல பாத்துட்டு அப்படியே டி.நகர் போயிடலாமா?

முடியாது. அது ஒரு கட்டடம் இல்லை, 16 ஏக்கருக்கு மேல் பரந்த வளாகம், ஆறு கட்டடம், நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். கல், செடி, விலங்கு, பறவை, ஆயுதம், நாணயம், செப்பேடு, கற்சிலை, செப்புத்திருமேனி, ஓவியம் என்று எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மத்தியானத்துக்குள் கால் வலித்து, சாயங்காலம் என்ன பார்த்தோம் என்று கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது.

என் யோசனை: ஒரு நடைக்கு மூன்றே இடம். காலையில் கண்ணும் மனசும் தெளிவாக இருக்கும்போது முதலில் செப்புத்திருமேனிக் கூடம் (படிமக்கூடம் என்றும் சொல்வார்கள்), அப்புறம் அமராவதிச் சிற்பங்கள், கடைசியில் பிள்ளைகளுக்காக விலங்கியல் பகுதி. மிச்சத்தை அடுத்த தடவைக்கு வையுங்கள். ஒரு வேண்டுகோளும் உண்டு. எந்தப் பொருள் முன்னால் நின்றாலும் பெயரைப் படித்த கையோடு அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள், பக்கத்தில் இருக்கிற விளக்கச் சீட்டில் எழுதியிருக்கும். அந்த ஊர்ப் பெயரைப் படிக்காமல் நகர்ந்தால் பாதிதான் பார்த்தமாதிரி என்பேன். ஏன் என்பது கீழே போகப் போகத் தெரியும்.

சின்னப் பசங்களுக்குப் போரடிக்காதா?

திமிங்கில எலும்புக்கூட்டுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துங்கள், அப்புறம் சொல்லுங்கள். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது, நீளம் சுமார் 18 மீட்டர், அதாவது டவுன் பஸ் ஒன்றரை. மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தது. கல்லாகிப்போன மரத்தையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள், மரத்தின் சத்து போய் அந்த இடத்தில் சிலிக்கா ஏறி ஏறி, வரிகூட மாறாமல் கல்லாகிவிட்டன. தட்டிப் பார்த்தால் கல், பார்வைக்கு விறகுக் கட்டை.

அந்த புலி, கரடியெல்லாம் நிஜமா, பொம்மையா?

தோல் நிஜம், உள்ளே இருப்பது நிஜமில்லை. செத்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே உருவம் செய்து, அதன்மேல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். கண் கண்ணாடி. பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலில் ஆர்சனிக் தடவுவது உலகம் முழுக்க வழக்கம், அதனால் எந்த மியூசியத்திலும் பாடம் செய்த விலங்கைத் தொடாமல் இருப்பது நமக்கே நல்லது. கூடங்களுக்குள் தின்பண்டம் வேண்டாம் என்பதும் இதே கதைதான், சிந்துகிற முறுக்குத் துணுக்கு எறும்பையும் பூச்சியையும் கூப்பிடும், பூச்சி தோலையும் இறகையும் தின்னும்.

எங்க தாத்தா இதை 'செத்த காலேஜ்'னு சொல்வாரு. ஏன் அப்படி?

இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆரம்பத்தில் கல்லூரி வளாகத்தில் இருந்ததாலோ என்னவோ, சென்னைக்காரர்களுக்கு மியூசியம் 'காலேஜ்' ஆகிவிட்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்கை வைத்தால் மக்கள் வருவார்கள் என்று கண்டுகொண்டவர் அவர். 1855இல் மியூசியத்திலேயே ஒரு விலங்குக் காட்சியைத் தொடங்கி, ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார், அடுத்த வருடமே எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. 1863இல் அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது.

உயிருள்ள விலங்குகள் இருந்தது உயிர் காலேஜ், பாடம் செய்தவை இருந்தது செத்த காலேஜ். அந்த உயிர் காலேஜ்தான் 1985இல் வண்டலூருக்குப் போய் இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவானது. வண்டலூருக்குப் போகும்போது அதன் பிறந்த வீடு பாந்தியன் சாலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

படிமக்கூடத்துல இருக்கிற நடராஜர் அசலா, நகலா?

அசல்தான். திருவாலங்காட்டிலிருந்து வந்தவர், 11ஆம் நூற்றாண்டுக் கணக்கு. நாம் வீட்டில் வைத்திருக்கிற நடராஜருக்கும் இவருக்கும் உள்ள வேற்றுமையைப் பாருங்கள். சுற்றிலும் நெருப்பு வளையம் மாதிரியான திருவாசி இல்லை, இரண்டு பக்கமும் விரிந்து பறக்கிற சடையும் இல்லை. அந்த இரண்டும் இல்லாததால் உடம்பு மட்டும் தனியாக நிற்கிறது, தூக்கிய காலும் ஊன்றிய காலும் வீசிய கையும் எப்படிச் சமன்படுகின்றன என்பது மறைக்கிற எதுவும் இல்லாமல் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததேயில்லை, சென்னை மியூசியத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே மயங்கிப்போய் எழுதினார். நமக்கு மெட்ரோ டிக்கெட் போதும்.

இந்த மாதிரித் திருமேனிகளில் ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், மண்ணுக்குள் வெற்று வடிவம் நிற்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுப்பார்கள். மெழுகும் போயிற்று, அச்சும் உடைந்தது, அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐம்பொன் என்று சொன்னாலும் பெரும்பங்கு செம்புதான். சுவாமிமலையில் இன்றும் இதே முறையில் வார்க்கிறார்கள்.

அர்த்தநாரீசுவரருக்கு மூணு கைதானே இருக்கு, ஒண்ணு உடைஞ்சுபோச்சா?

உடையவில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. திருவெண்காட்டுத் திருமேனி அது. வலப்பக்கம் ஈசன், அவருக்கு இரண்டு கை. இடப்பக்கம் உமை, அவளுக்கு ஒரே கை. இரண்டு பக்கமும் கணக்குச் சரியாக வரவேண்டும் என்று நான்காக்கவில்லை. ஈசன் பக்கம் உடை சுருக்கம், உமை பக்கம் நீளமாகக் கணுக்கால்வரை இறங்குகிறது, இடுப்பு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் போகிறது. இத்தனை வேற்றுமையையும் வைத்துக்கொண்டு இது இரண்டு பேரை ஒட்டவைத்த மாதிரி இல்லாமல் ஒரே ஆளாக நிற்கிறது பாருங்கள், அங்கேதான் அந்தச் சோழநாட்டு ஸ்தபதியின் கை தெரிகிறது. வளாகத்திலேயே ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்ப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், நடராஜரை அல்ல.

பீடத்துல வளையமும் ஓட்டையும் எதுக்கு?

தூக்கிக்கொண்டு போகத்தான். கருவறையில் அசையாமல் இருக்கிற கல் மூர்த்தி மூலவர். திருவிழாவில் வெளியே வருகிற உலோக மூர்த்தி உற்சவர். உற்சவருக்குப் பீடத்தின் வழியாகக் கம்பு செருகியோ கயிறு கட்டியோ வாகனத்தில் நிறுத்துவார்கள். அதனால் படிமக்கூடத்தில் நாம் பார்க்கிற கோலம் பக்தர்கள் பார்த்த கோலம் இல்லை. பட்டும் மாலையும் நகையும் சாத்தி முகம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வார்த்தவருக்கு அடுத்து முழு உருவத்தையும் பார்த்திருப்பவர் அபிஷேகம் செய்த அர்ச்சகர்.

சாமி சிலையைக் கோயில்ல வைக்காம இங்க ஏன் வெச்சிருக்காங்க?

கோபமாகவே சிலர் கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். இங்கே உள்ள திருமேனிகளில் மிகப் பல, கோயிலிலிருந்து எடுத்து வந்தவை அல்ல, மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. படையெடுப்புக் காலங்களில், 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் வந்தது மாதிரியான சமயங்களில், உற்சவர்களைப் பள்ளம் வெட்டி மணல் பரப்பிப் புதைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை, இடம் மறந்துபோனது, சில கோயில்களே இல்லாமல் போயின. நூற்றாண்டுகள் கழித்து வயல் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் வெளிப்பட்டன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அப்படிக் கிடைப்பது மாவட்ட ஆட்சியர் வழியாக அரசிடம் வரும், அரசு மியூசியத்துக்கு அனுப்பும்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களும் இப்படித்தான். 1856 தொடங்கிச் சில பத்தாண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் அங்கே மண்ணிலிருந்து கிடைத்தன. ராஜராஜன் காலத்தில் கடல் தாண்டி சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரை, அதாவது பௌத்த மடம், இருந்த ஊர் அது. திருப்பிக் கொடுப்பது என்றால் இவற்றை எந்த விகாரைக்குக் கொடுப்பது?

சரி, இன்ன கோயிலின் திருமேனி என்று தெளிவாகத் தெரிந்து, அங்கே வழிபாடும் நடக்கிறது என்றால்? அப்போது ஊர்க்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கூடவே காவலும் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமக் கோயில்களிலிருந்து எத்தனை சிலைகள் திருடுபோய்க் கடல் தாண்டின என்று நமக்கே தெரியும். பூட்டுக்கும் ஆளுக்கும் வழி செய்யாமல் திருப்பி அனுப்பினால் அவற்றைத் திருடனிடம் கொடுப்பதுபோல்தான்.

அங்க நின்னு கும்பிடலாமா?

தாராளமாக. கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களை நான் எல்லா நடையிலும் பார்க்கிறேன். பூ, விபூதி, கற்பூரம் கூடாது, அவ்வளவுதான். சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த என் மாமா ஒருவர் 'திருவெண்காடு' என்ற சீட்டைப் படித்ததும் சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். எங்க ஊருக்குப் பக்கம்தான்டா இது, என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எங்க வயல்ல இந்த மாதிரி ஏதாவது கெடச்சா என்ன செய்யணும்?

அப்படியே வைத்துவிட்டு வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். அவர்கள் ஆட்சியருக்குத் தெரிவிப்பார்கள். மேலே சொன்ன புதையல் சட்டம் கண்டெடுத்தவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. உரிமை கோர வேறு யாரும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் என்று பங்கு சொல்கிறது. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறை. தோண்டி எடுக்க அவசரப்படாதீர்கள், பக்கத்தில் எந்த ஆழத்தில் என்ன இருந்தது, எந்தத் திசையைப் பார்த்துக் கிடந்தது என்பதெல்லாம் ஆய்வாளர்களுக்குச் சிலை அளவுக்கே முக்கியம்.

சிலையில பச்சையா பிடிச்சிருக்கே, புளி போட்டுத் தேய்ச்சா போயிடாதா?

போய்விடும், கூடவே சிலையின் மேல்தோலும் போய்விடும். வழவழவென்று கெட்டியாகப் படிந்த பச்சை கெடுதல் இல்லை, உள்ளே இருக்கிற உலோகத்துக்கு அது ஒரு போர்வை. பயப்பட வேண்டியது வெளிறிய பச்சையில் மாவு மாதிரி உதிர்கிறதை. மண்ணில் இருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரம் படப்பட அரித்துக்கொண்டே போகும் நோய் அது. இதற்கு வைத்தியம் பார்க்கத்தான் 1930இல் இந்த மியூசியத்திலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கினார்கள். மின்சாரம் செலுத்தி அந்தக் குளோரைடை வெளியேற்றுகிற முறையை இங்கே பல திருமேனிகளுக்குச் செய்திருக்கிறார்கள்.

போட்டோ எடுக்கலாமா?

சீட்டு வாங்கி எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் ஃபிளாஷ் அடித்தால் படத்தில் விழுவது வெள்ளை வட்டம்தான்.

அமராவதி ஆந்திராவுல இருக்கு, சிற்பம் ஏன் சென்னையில?

மங்களூர்த் திமிங்கிலம் வந்த அதே காரணம், அதுவும் சென்னை மாகாணம். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் (வழிபாட்டுக்காக எழுப்பும் அரைக்கோள மேடு) கற்கள் இவை. தூபி சிதைந்து, உள்ளூரில் கற்களைப் பெயர்த்துக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1845இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டி நிறையப் பலகைகளைச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே அவை வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறி, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிறகு நடந்த அகழாய்வுகளில் கிடைத்ததும் சேர்ந்து நம்மிடம் இருப்பது. ஒரே தூபி லண்டனிலும் சென்னையிலும் அமராவதியிலுமாகப் பிரிந்து கிடப்பது எனக்கு வருத்தம்தான். ஊர்க்காரர்கள் கேட்பது நியாயம் என்று முன்னால் சொன்னேனே, அது ஆந்திரக்காரர்களுக்கும் பொருந்தும்.

அதுல புத்தரையே காணோமே?

பழைய பலகைகளில் தேடினால் கிடைக்கமாட்டார். அந்தக் காலத்தில் அவரை உருவமாகக் காட்டாமல் வெறும் ஆசனம், பாதச்சுவடு, அரசமரம், சக்கரம் என்று குறிகளால் காட்டினார்கள். சுற்றி எல்லோரும் கைகூப்பி நிற்பார்கள், நடுவில் ஆசனம் காலியாக இருக்கும். பிந்தைய பலகைகளில் உருவம் வந்துவிடுகிறது. நளகிரி என்ற மதயானையை அடக்குகிற வட்டப் பலகையைத் தேடிப் பிடியுங்கள். ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வருகிறது, ஒரு பக்கம் தெருவில் ஆட்களைத் தூக்கி வீசுகிறது, மறுபக்கம் புத்தர் முன் மண்டியிடுகிறது. ஜனங்கள் ஓடுகிறார்கள், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். பத்து நிமிடம் நின்றாலும் புதிதாக ஒரு முகம் கண்ணில் படும்.

கீழடிப் பொருளெல்லாம் இங்கதானே இருக்கு?

கீழடிக்கு அந்த ஊரிலேயே 2023இல் தனி அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள், அங்கே போங்கள். இங்கே ஆதிச்சநல்லூர் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. அலெக்சாண்டர் ரீ நூறு வருடங்களுக்கு முன் தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள். இன்னும் பின்னால் போகவேண்டுமென்றால் கற்கருவிகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார், இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை 1904இல் இந்த மியூசியத்துக்காக வாங்கினார்கள். நாம் விமானம் ஏறப் போகும் வழியில் தாண்டுகிற அதே பல்லாவரம்.

பழங்குடி மக்களைப் பொம்மையா, பொருளா வெச்சிருக்கிறது சரியா?

எனக்கும் அந்தக் கூடத்தில் நெருடும். 1885 முதல் 1908 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, அந்த அளவைக் கொண்டு அவர்களை வகைபிரித்தவர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி க.ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அளவு மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அவர் சேர்த்த கூடைகள், நகைகள், இசைக்கருவிகள் எல்லாம் அந்த மக்களின் கைவேலை, வேறெங்கும் இன்று பார்க்கக் கிடைக்காதவையும் அதில் உண்டு. பொருளை மரியாதையோடு பாருங்கள், பக்கத்தில் உள்ள விளக்கத்தை எழுதியது யார், எந்தக் காலத்தில் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால், இவர்கள் அந்தக் காலத்து ஆட்கள் இல்லை, இன்றும் நீலகிரி மாதிரியான இடங்களில் நம்மோடு வாழ்கிறவர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

எங்க ஊர்ப் பொருள் அங்க இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சீட்டுகளில் ஊர்ப் பெயரைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, தேட வேண்டியது அங்கேதான். பழைய சீட்டுகளிலும் பட்டியல்களிலும் அந்தக் காலத்து மாவட்டப் பெயர் இருக்கும், அதை நினைவில் வையுங்கள். திருவாலங்காடு சித்தூர் மாவட்டம் என்று வரும், நாகப்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டம் என்று வரும். காட்சிக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான், சேமிப்பறையில் இருப்பது நிறைய, அதனால் கூடத்தில் காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

மியூசியம் வெளியிட்ட ஆய்விதழ்களிலும் பட்டியல்களிலும் தேடலாம். இந்துப் படிமங்களுக்கு, இங்கே கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியும் டி.என்.ராமச்சந்திரனும் 1932இல் போட்ட பட்டியல் ஒவ்வொரு திருமேனிக்கும் ஊர், எப்படிக் கிடைத்தது என்ற விவரத்தோடு இருக்கிறது. இதற்கெல்லாம் வெளியே அலைய வேண்டாம், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் அதே வளாகத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரை ஒரு தாளில் பழைய எழுத்துக்கூட்டல்களோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், ஆங்கிலத்தில் அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெயர்களை நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள்.